தங்கக் காசில் விலங்குகள்: புதிதாகச் சேர்ப்பவருக்கு ஒரு வழிகாட்டி

நகைக்கடையில் போய் "இன்னைக்கு சவரன் என்ன விலை?" என்று கேட்கிறோமே, அந்தச் சவரனே ஒரு நாணயம்தான். சாவரின் என்ற பிரிட்டிஷ் தங்கக் காசு நம் வாயில் சவரன் ஆகிவிட்டது. அசல் காசின் எடை 7.99 கிராம், நம் கடைகள் அதை முழுசாக 8 கிராம் என்று வைத்துக்கொண்டன. 1817இல் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி செதுக்கிய அதன் பின்பக்கத்தில் ஒரு குதிரை பாய்கிறது, அதன் குளம்புக்கு அடியில் ஒரு டிராகன் புரள்கிறது. அதற்கும் முன்னால் நம் பக்கம் புழங்கிய வராகனின் பெயரும் பன்றியிலிருந்து வந்ததுதான். வராகம் சாளுக்கியரின் சின்னம். விலங்குக்கும் பொற்காசுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல.

இன்று பல நாட்டு அரசு நாணயச்சாலைகள் ஆண்டுதோறும் விலங்கு பொறித்த தங்க நாணயங்களை அடிக்கின்றன. இவற்றைப் புல்லியன் நாணயம் என்பார்கள். கடையில் செலவழிக்க அல்ல, தங்கத்தைக் கையில் வைத்துக்கொள்ள. 50 டாலர், 100 பவுண்டு என்று பல காசுகளில் ஒரு மதிப்பு பொறித்திருக்கும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் தங்கத்தின் அன்றைய விலைதான் அடிப்படை. தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: தங்கத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம், விலங்குக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பிரித்துப் பார்க்காமல் எந்தக் காசையும் வாங்காதீர்கள். கீழே வருவதெல்லாம் அந்தப் பிரித்துப் பார்த்தல்தான்.

முதலில் எடை, பிறகு மாற்று

இந்த நாணயங்களின் அளவு டிராய் அவுன்ஸ். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். மளிகைப் பொருளுக்குச் சொல்லும் அவுன்ஸ் 28.35 கிராம்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அரை, கால், பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று சிறிய காசுகளும் உண்டு. கால் அவுன்ஸ் 7.78 கிராம், கிட்டத்தட்ட நம் சவரன். புதிதாக வருபவருக்கு மனக்கணக்குக்கு வசதியான அளவு அது.

மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, என்று வரும்போது இரண்டு வகை. தென்னாப்பிரிக்காவின் குரூகர்ராண்டும் அமெரிக்காவின் ஈகிளும் 22 கேரட். ஆஸ்திரேலியாவின் கங்காரு, சீனாவின் பாண்டா, அமெரிக்கப் பஃபலோ எல்லாம் 24 கேரட், சொக்கத் தங்கம். 22 கேரட் என்றதும் தங்கம் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு அவுன்ஸ் குரூகர்ராண்டின் மொத்த எடை 33.93 கிராம். அதில் முழு அவுன்ஸ் தங்கம் இருக்கிறது, மீதி செம்பு. அந்தச் செம்பால் காசு கடினமாகிறது, எளிதில் கீறல் விழுவதில்லை. ஒரு குரூகர்ராண்டையும் ஒரு கங்காருவையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது பழைய காசுமாலையின் செம்மஞ்சளில் இருக்கும். இரண்டாவது பளீரென்ற எலுமிச்சை மஞ்சள்.

விலையைப் பிரிப்பது

நகைக்குச் செய்கூலி, சேதாரம் இருப்பதுபோல நாணயத்துக்கு பிரீமியம். தங்கத்தின் அன்றைய சந்தை விலைக்கு மேல் நாணயச்சாலையும் வியாபாரியும் சேர்த்து வாங்கும் தொகை அது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் போட்டவை, இன்றைய விலை அல்ல.

தங்கம் அவுன்ஸ் 3,000 டாலர். ஒரு குரூகர்ராண்டு 3,100க்குக் கிடைக்கிறது. ஓர் ஆண்டு மட்டும் வரும் டிராகன் காசு 3,250. பத்தில் ஒரு அவுன்ஸ் கங்காரு 350. கடைசியதில் இருக்கும் தங்கத்தின் மதிப்பு 300தான், ஆக பிரீமியம் கிட்டத்தட்ட 17 சதவீதம். குரூகர்ராண்டுக்கு மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். காசு சிறியதாக ஆக, அடிக்கும் செலவு அதே அளவில் நிற்கிறது, தங்கம் மட்டும் குறைகிறது. "சின்னச் சின்னதாக வாங்கிச் சேர்க்கிறேன்" என்று பத்துப் பொடிக் காசு வாங்குபவர், ஒரு முழுக் காசு வாங்குபவரைவிட அதே தங்கத்துக்குப் பல மடங்கு பிரீமியம் கட்டுகிறார். சேமித்து வைத்திருந்து கால் அவுன்ஸாகவாவது வாங்குங்கள்.

இதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "இதே காசை இன்றே உங்களிடம் திருப்பிக் கொடுத்தால் என்ன தருவீர்கள்?" நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார். இரண்டு விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நீங்கள் உண்மையில் செலவழிக்கும் பணம். சொல்ல மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

புரூஃப் என்று மரப்பெட்டியில், சான்றிதழோடு, கண்ணாடிபோல் மின்னும் காசுகள் வரும். அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரீமியம் எங்கேயோ இருக்கும், விற்கும்போது அதில் பெரும்பகுதி திரும்பி வராது. முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

எந்த விலங்கு?

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். விலங்கு நாணயங்களில், படம் மாறாதவை, ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை என்று இரண்டு குடும்பங்கள். எந்தக் குடும்பம் என்பதைப் பொறுத்து விலையும் சேகரிக்கும் முறையும் மாறும்.

மாறாதவற்றில் மூத்தது குரூகர்ராண்டு. 1967இல் வந்தது. தங்கத்தைத் தனியார் கையில் கொண்டுசேர்ப்பதற்காகவே அடித்த முதல் நவீன நாணயம் என்று இதைத்தான் சொல்வார்கள். முன்பக்கம் பால் குரூகர் என்ற பழைய தென்னாப்பிரிக்கத் தலைவர். பின்பக்கம் கூர்ட் ஸ்டெய்ன்பெர்க் வரைந்த ஸ்பிரிங்பாக் என்ற மான் இனம், முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நடைபோடுகிறது. இனவெறி ஆட்சிக் காலத்தில் இந்தக் காசைப் பல நாடுகள் ஒதுக்கின. 1985இல் அமெரிக்கா இறக்குமதியையே தடை செய்தது. மறுவருடமே அமெரிக்காவின் தங்க ஈகிள் வந்தது. அதில் கழுகுக் குடும்பமே இருந்தது: ஆண் கழுகு ஒலிவக் கிளையோடு கூட்டுக்குப் பறந்து வரும், கூட்டில் தாயும் குஞ்சுகளும். 2021இல் அதை மாற்றிக் கழுகின் தலையை மட்டும் நெருக்கத்தில் காட்டினார்கள். எனக்குப் பழைய கூடுதான் பிடிக்கும்.

அமெரிக்காவின் பஃபலோ 2006இல் தொடங்கியது. 1913இல் ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் ஐந்து சென்ட் காசுக்கு வடித்த அதே காட்டெருமை (பைசன்), அதே பூர்வகுடி மனிதரின் முகம். தலை தாழ்த்தி, திமில் உயர்ந்து நிற்கும் அந்த உருவத்தில் காசின் வட்டத்துக்குள் கொஞ்சம்கூட இடம் வீணாகவில்லை. விலங்கை வட்டத்துக்குள் எப்படி நிறுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

இனி மாறும் குடும்பம். சீனாவின் பாண்டா 1982இல் வந்தது. முன்பக்கம் பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயில், பின்பக்கம் ஆண்டுக்கொரு பாண்டா. இடையில் 2001, 2002 இரண்டுக்கும் ஒரே படத்தைப் போட்டார்கள். சேகரிப்பாளர்களுக்கு அது பிடிக்கவில்லை, மறுபடி மாற்றத் தொடங்கினார்கள். புதியவர் இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்திருந்தால் பதற வேண்டியதில்லை. 2015 பாண்டாவில் எடையும் மாற்றும் பொறிக்கப்படவில்லை. அதனாலேயே அது போலி என்று ஆகாது. 2016 முதல் அவுன்ஸை விட்டுவிட்டு 30, 15, 8, 3, 1 கிராம் என்று அடிக்கிறார்கள். அதனால் பழைய ஒரு அவுன்ஸையும் புதிய 30 கிராமையும் ஒரே விலைக்கு ஒப்பிடக் கூடாது, 1.1 கிராம் தங்கம் வித்தியாசம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை முதலில் இயற்கையாகக் கிடைக்கும் தங்கக் கட்டிகளின் படத்தைத்தான் பொறித்தது. 1989இலிருந்து கங்காரு. 2011இல் அதே நாணயச்சாலை ஒரு டன் எடையில், 80 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு கங்காரு நாணயம் செய்து காட்டியது. நமக்கு வேண்டியது அந்த அளவு அல்ல, அதே நாணயச்சாலையின் ராசி வரிசை. சீன ராசியின் பன்னிரண்டு விலங்குகள், ஆண்டுக்கு ஒன்று. முதல் வரிசை 1996 முதல் 2007 வரை, இரண்டாவது 2008 முதல் 2019 வரை, மூன்றாவது 2020இல் எலியோடு தொடங்கி இப்போது நடக்கிறது. ஒரு அவுன்ஸ் தங்கக் காசு 30,000க்கு மேல் அடிப்பதில்லை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்த ஆண்டுக்கு வாங்கிக் கொடுக்கப் பலர் இதைத்தான் தேடுகிறார்கள். அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சீனப் புத்தாண்டு ஜனவரி ஒன்றாம் தேதி பிறப்பதில்லை. 2024இல் டிராகன் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதிதான் தொடங்கியது. அந்த ஜனவரியில் பிறந்த குழந்தைக்கு விலங்கு முயல். 2023 காசை வாங்க வேண்டும்.

பிரிட்டனின் அரசியார் விலங்குகள் வரிசை முடிந்துபோனது என்பதே அதன் வசதி. 2016 முதல் 2021 வரை பத்து விலங்குகள்: சிங்கம், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின், செந்நிற டிராகன், ஒற்றைக்கொம்பன் என்று. கடைசியில் பத்தும் ஒன்றாக நிற்கும் நிறைவுக் காசு. இரண்டாம் எலிசபெத்தின் 1953 முடிசூட்டு விழாவுக்காகச் செய்து வைத்த சிலைகளை ஒட்டி ஜோடி கிளார்க் வரைந்தார். நம் கோயில் தூண்களில் யாளி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை சட்டென்று ஒட்டிக்கொள்ளும். தங்கத்தில் கால் அவுன்ஸ் அளவும் உண்டு. எல்லை தெரிந்த வரிசை என்பதால், மொத்தம் எத்தனை வேண்டும், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று மலேசியாவின் கீஜாங் எமாஸ். 2001இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிட்டது. ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் கீஜாங். கீஜாங் என்பது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நாய்போலக் குரைக்கும் கேளையாட்டின் இனம். ஒன்று, அரை, கால் அவுன்ஸ் அளவுகள். இதன் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் அந்த வங்கியே தினமும் வெளியிடுகிறது. மேலே சொன்ன இடைவெளிக் கணக்கைப் போட்டுப் பழக இதைவிடத் தெளிவான காசு கிடையாது.

என் யோசனை: முதல் காசு படம் மாறாத குடும்பத்திலிருந்து இருக்கட்டும். அதில் விலங்குக்கு நீங்கள் கொடுப்பது மிகக் குறைவு, பழகுவதற்கு ஏற்றது. அப்புறம் மாறும் குடும்பத்தில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாண்டா, கங்காரு, ராசி மூன்றையும் ஒரே நேரத்தில் துரத்தினால் எதுவும் முழுமையாகாது, பணமும் சிதறும்.

வசிக்கும் ஊரின் சட்டம்

மேலே சொன்ன யோசனை ஊருக்கு ஊர் மாறும். நான் வசிக்கும் சிங்கப்பூரில் 2012 அக்டோபர் முதல் முதலீட்டுத் தங்கத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் தூய்மை 99.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அரசின் பட்டியலில் உள்ள காசாகவும் இருக்க வேண்டும். 22 கேரட் குரூகர்ராண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே இங்கே முதல் காசாக நான் சொல்வது பஃபலோ. ஐரோப்பிய ஒன்றியத்தில் 90 சதவீதத் தூய்மையே போதும் என்பதால் குரூகர்ராண்டு தாராளமாக ஓடுகிறது.

இந்தியாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: விமானப் பயணிக்குத் தரும் தங்கச் சலுகை நகைக்கு மட்டும்தான். நாணயத்துக்குக் கிடையாது, ஒரே ஒரு காசாக இருந்தாலும் சுங்கத்தில் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். புறப்படுமுன் அன்றைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

கையில் வாங்கிப் பார்ப்பது

வங்கி, நாணயச்சாலையின் அங்கீகாரம் பெற்ற வியாபாரி, பல ஆண்டு நிலைத்த நாணயக் கடை. முதல் சில காசுகளுக்கு இந்த மூன்றைத் தாண்ட வேண்டாம். சந்தை விலையைவிடக் குறைவாக யாராவது தங்கம் விற்கிறேன் என்றால், அங்கே கேட்க வேண்டிய கேள்வி எதுவும் இல்லை, திரும்பி வந்துவிடலாம்.

ஆனாலும் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, மில்லிமீட்டரைப் பத்தில், நூறில் பிரித்துக் காட்டும் கேலிப்பர், பத்து மடங்கு காட்டும் லென்ஸ்: இந்த மூன்றும் ஒரு சின்னக் காசின் பிரீமியத்துக்குள் அடங்கிவிடும். நாணயச்சாலை சொல்லும் எடை, விட்டம், தடிமன் மூன்றும் ஒருசேரப் பொருந்த வேண்டும். தங்கத்தைப் போல அடர்த்தியான உலோகம், கீழே சொல்லும் ஒன்றைத் தவிர, மலிவில் கிடைக்காது. எடையைச் சரியாக்கினால் காசு தடித்துவிடும், தடிமனைச் சரியாக்கினால் எடை குறைந்துவிடும்.

நான் செய்யும் தண்ணீர்ச் சோதனை இது. ஒரு சிறிய டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குவேன். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுவேன். கை நடுங்கினால் எண் ஆடும், ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு அவுன்ஸ் கங்காரு என்றால் தராசு 1.61 கிராம் அளவில் நிற்கும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 19.3, சொக்கத் தங்கத்தின் அடர்த்தி. குரூகர்ராண்டுக்குச் செம்பு கலந்திருப்பதால் 17.5ஐ ஒட்டி வரும். டங்ஸ்டன் என்ற உலோகம் மட்டும் இந்தச் சோதனையை ஏமாற்றும், அதன் அடர்த்தி தங்கத்தோடு ஒட்டி வருகிறது. அந்தச் சந்தேகம் வந்தால் மின்கடத்தும் திறனை அளக்கும் கருவி வைத்திருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். உறைபோட்டு வந்த பாண்டாவை மட்டும் இதற்காகப் பிரிக்காதீர்கள். நாணயச்சாலையின் உறையைப் பிரித்தால் விலை குறையும். பாண்டாவில் போலிகளும் அதிகம் என்பதால் அதை நம்பிக்கையான இடத்தில் மட்டும் வாங்குவதே வழி.

பழைய சாவரின் வாங்குபவர்கள் விளிம்பைச் சுற்றி லென்ஸில் பாருங்கள். நம் வீடுகளில் காசுமாலைக்காக வளையம் பற்றவைத்துப் பிறகு எடுத்த காசுகள் நிறைய உண்டு. பற்றவைத்த தழும்பு இருந்தால் அது தங்க விலைக்கு மட்டுமே தகும். 1918இல் பம்பாயில் அடித்த சாவரினில் குதிரையின் கீழே தரைக்கோட்டை ஒட்டிச் சின்னதாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். நம் பாட்டிகளின் பெட்டியில் தேடிப் பார்க்க வேண்டிய காசு அது.

துடைக்காதீர்கள்

என் முதல் காசு கால் அவுன்ஸ் கங்காரு. வாங்கிய சில மாதத்தில் அதன் மேல் கைரேகை படிந்து மங்கலாகத் தெரிந்தது. வீட்டில் நகை கழுவுவதுபோலப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத்தான் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தபோது, கங்காருவைச் சுற்றியுள்ள வழவழப்பான பரப்பு முழுக்க முடியிழை முடியிழையாகக் கோடுகள். வளையலில் அது யார் கண்ணிலும் படாது. நாணயத்தில், விலங்குக்காக நான் கொடுத்த அத்தனை பணமும் அந்தக் கோடுகளோடு போனது. சொக்கத் தங்கம் அவ்வளவு மென்மையானது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், மெத்தென்ற துணிக்கு மேல் வைத்துப் பாருங்கள். பார்த்ததும் அதன் விட்டத்துக்கேற்ற கேப்சூல் என்ற வட்ட டப்பியில் போட்டு மூடிவிடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுப்பாகிக் காசில் ஒட்டும். 24 கேரட் காசிலும் சில சமயம் சிவப்பாக ஒரு புள்ளி தோன்றும். அதைப் பார்த்துப் பயப்படவோ சுரண்டவோ வேண்டாம், மேற்பரப்பில் ஒட்டிய மிகச் சிறிய செம்புத் துகள் நிறம் மாறியது அது.

விற்கும் நாள்

விலங்குக்குக் கொடுத்த பணம் திரும்ப வேண்டுமானால், விலங்கை அடையாளம் தெரிந்தவரிடம் விற்க வேண்டும். ஊரில் நகைக்கடைக்கு எடுத்துப் போனால் அவர்களுக்கு அது பழைய தங்கம். உரசிப் பார்த்து, உருக்கும் கணக்கில் கழித்துத்தான் தருவார்கள். அவர்கள் தொழில் அது. நாணய வியாபாரி, ஏலம், சேகரிப்பாளர் என்று போனால்தான் 1982 பாண்டாவுக்கும் நேற்று வந்த பாண்டாவுக்கும் வித்தியாசம் தெரியும்.

இது நமக்கு மட்டும் தெரிந்தால் போதாது. ஒரு நோட்டில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள்: பெயர், ஆண்டு, எடை, வாங்கிய தேதி, அன்றைய தங்க விலை, கொடுத்த விலை, பில் எண், இரண்டு பக்கப் படம். நான் என் லாக்கர் பெட்டியில் காசுகளுக்கு மேல் மடித்து வைத்திருக்கும் தாளில் என் மகளுக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்: "இவை நகை இல்லை, உருக்கக் கொடுத்துவிடாதே. கேப்சூலைத் திறக்காதே. பச்சை நோட்டில் ஒவ்வொன்றுக்கும் பக்கம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, குறைந்தது இரண்டு நாணயக் கடையில் விலை கேள். குதிரை போட்ட சின்னக் காசு உன் கொள்ளுப்பாட்டியுடையது, அதை மட்டும் வைத்துக்கொள்."